ஷோ முடிந்த ராத்திரியே கிளம்பலாமா? பேண்ட், வேன், டிரைவரின் தூக்கம்

மார்ச் 2, 2024, மாலை 6.15 (வாசகர் கேள்வி)

அக்கா, நாங்கள் ஐந்து பேர், வேளச்சேரியில் ஒரு மொட்டை மாடி ரூமில் பிராக்டிஸ் செய்கிற ராக் பேண்ட். முதல் தடவையாகத் தொடர்ந்து ஐந்து ஊரில் ஷோ கிடைத்திருக்கிறது. வெள்ளி சென்னை, சனி கோவை, ஞாயிறு கொச்சி, திங்கள் பெங்களூரு, செவ்வாய் ஹைதராபாத். வேன் பேசியாகிவிட்டது. ஷோ முடிந்ததும் ஏறிப் படுத்தால் விடியும்போது அடுத்த ஊர், லாட்ஜ் செலவும் மிச்சம். பெரிய பேண்டுகள் எல்லாம் டூர் போனால் உடம்பு போய்விடுகிறது, மனசு போய்விடுகிறது என்று பேட்டி கொடுக்கிறார்கள். ஒன்றரை மணி நேரம் வாசிக்கிறதுக்கு இவ்வளவு அலுப்பா? எனக்கு மிகையாகத்தான் படுகிறது. நீங்கள் பல வருஷம் இப்படிச் சுற்றியவர், உண்மையைச் சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு 10.50 (என் பதில்)

மிகை இல்லை. அலுப்பைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் உங்கள் பயணத்தைக் கூட்டிப் பாருங்கள். சென்னையிலிருந்து கோவை சுமார் 500 கி.மீ., அங்கிருந்து கொச்சி 190, கொச்சியிலிருந்து பெங்களூரு 550, பெங்களூருவிலிருந்து ஹைதராபாத் 570, வீடு திரும்ப 630. மொத்தம் 2,400 கி.மீ.க்கு மேல், எல்லாம் ராத்திரியில். நீங்கள் எழுதியதில் ஐந்து பேர் இருக்கிறீர்கள், வேன் இருக்கிறது, மிச்சமாகும் லாட்ஜ் காசு இருக்கிறது. டிரைவர் எங்கே? ஒருவரா, இரண்டு பேரா? நீங்கள் வாசிக்கும் நேரத்தில் அவர் எங்கே படுப்பார்?

மார்ச் 3, காலை 7.20

‘ஒன்றரை மணி நேரம் வாசிக்கிறதுக்கு’ என்ற வரி மனசை விட்டுப் போகவில்லை. அதனால் ஒரு ஷோ நாள் எப்படிப் போகும் என்று எழுதுகிறேன். நான் பேஸ் கிட்டார். வரவு செலவும் என் பொறுப்பு என்பதால் ராத்திரி கடைசியாகப் படுக்கிற ஆளும் நான்தான்.

காலை ஐந்துக்கு வேன் வரும். டிரம்ஸ் பெட்டி, ஆம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெரிதாக்கும் பெட்டி), பெடல் போர்டு (காலால் அழுத்தி கிட்டார் சத்தத்தை மாற்றும் பலகை), சிம்பல் தட்டுகள் வைத்த பை எல்லாவற்றையும் மாடியிலிருந்து இறக்கி, வேனின் பின் சீட்டில் அடுக்கி, கயிறு கட்டி முடிக்கவே முக்கால் மணி நேரம் ஆகும், அதற்குள் சட்டை நனைந்துவிடும். மதியம் இரண்டு மணிக்கு வந்து சேரச் சொல்லியிருப்பார்கள். போனால் மேடை பாதிதான் கட்டியிருக்கும், ஜெனரேட்டர் வழியில் இருக்கும். மூன்று மணிக்கு என்று சொன்ன சவுண்ட் செக், அதாவது வாசித்துப் பார்த்துச் சத்தத்தைச் சரிசெய்கிற வேலை, ஐந்தரைக்கு ஆரம்பிக்கும். நம் முறை வரும்போது ‘கேட் திறந்தாச்சு, லைன் செக் மட்டும் பண்ணிட்டு இறங்குங்க’ என்பார்கள், ஒயரில் சத்தம் வருகிறதா என்று மட்டும் பார்ப்பது அது. இந்த மூன்று நாலு மணி நேரத்தில் தூங்க முடியாது, வெளியே போகவும் முடியாது, எந்த நிமிஷமும் கூப்பிடுவார்கள். தகரக் கூரை போட்ட கிரீன் ரூமில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எங்கள் டிரம்மர் ஒரு ஊரில் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். சவுண்ட் இன்ஜினியர் ‘கிக் குடுங்க’ (காலால் அடிக்கிற பெரிய டிரம்) என்று மைக்கில் சொன்னதும் கண்ணைத் திறக்காமலே கிக் கொடுத்தார். ‘ஸ்னேர்’ (குச்சியால் அடிக்கிற சின்ன டிரம்) என்றதும் அதையும் கொடுத்தார். முழு செக்கும் அப்படியே முடிந்தது, லெவல் எல்லாம் சரியாகவே வந்தது. அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தோம்.

அப்புறம் ஷோ. ராத்திரி பத்து மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன, அதனால் தாமதம் யாருடையதாக இருந்தாலும் வெட்டு நம் பாட்டில்தான் விழும். பத்துக்கு முடித்து, மூட்டை கட்டி, பேசிய பணத்தை வாங்க ஒருவரைத் தேடி அலைந்து, பன்னிரண்டு மணிக்குத் திறந்திருக்கிற ஒரே கடையில் பரோட்டா சால்னா. மேடையில் ஏறிய வேகம் உடம்பில் இறங்க இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். படுத்தாலும் கண் மூடாது, கடைசிப் பாட்டில் விட்ட நோட்டு காதில் ஓடிக்கொண்டே இருக்கும், வயிறு எரியும். அடுத்த நாள் காலை ஐந்துக்கு மறுபடியும். முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியாது, மூன்றாம் நாள் சார்ஜர் யார் எடுத்தது என்று சண்டை வரும்.

மார்ச் 3, மதியம் 1.30

ஒரே டிரைவர்தான், ராத்திரி ஓட்டிப் பழகியவர், கண் அசராது என்று வேன் ஓனர் உறுதி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எல்லா ஓனரும் இதைத்தான் சொல்வார். பழக்கத்தால் ரோடு தெரியும், வளைவு தெரியும், எந்த டோலில் வண்டி தேங்கும் என்று தெரியும். தூக்கத்தைப் பழக்கத்தால் நிறுத்தி வைக்க முடியாது.

கணக்குப் போடுவோம். சென்னை ஷோ முடிந்த ராத்திரி கிளம்பாமல், சனிக்கிழமை காலைதான் கோவைக்குக் கிளம்புகிறீர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மணிக்கு உங்களை ஏற்ற அவர் நாலு மணிக்கு எழுந்திருப்பார். கோவைக்கு எட்டு ஒன்பது மணி நேரம் ஓட்டுவார். நீங்கள் சவுண்ட் செக் செய்யும்போது வேனுக்குள்ளேயே கதவைத் திறந்து வைத்துப் படுப்பார். வெயில், கொசு, ஜெனரேட்டர் சத்தம், நடுவே செக்யூரிட்டி வந்து வண்டியை அந்தப் பக்கம் போடு என்பார், கேபிள் மறந்துவிட்டது என்று நீங்களே இரண்டு தடவை எழுப்புவீர்கள். ஷோ ஆரம்பித்த பிறகு ஐம்பது அடி தூரத்தில் யார் தூங்க முடியும்? ராத்திரி பதினொன்றுக்கு நீங்கள் ‘அண்ணா, கிளம்பலாமா’ என்று கேட்கும்போது அவர் எழுந்து பத்தொன்பது மணி நேரம் ஆகியிருக்கும்.

ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்து 1997-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்கிற திறமை, ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவருடைய அளவுக்கு இறங்கிவிடுகிறது. 24 மணி நேரம் விழித்திருந்தால் 0.10 அளவுக்கு. நம் மோட்டார் வாகனச் சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம் தாண்டினாலே குற்றம். வாயில் வாடையோடு வருகிற டிரைவரிடம் நீங்கள் சாவி கொடுக்க மாட்டீர்கள். இவரிடம் கொடுப்பீர்கள், ஏனென்றால் வாடை வராது. அதிலும் அதிகாலை இரண்டிலிருந்து ஆறு மணி வரை யாருக்கும் உடம்பே தூங்கச் சொல்லும் நேரம். உங்கள் பிளானில் நீளமான ஓட்டம் எல்லாம் அந்த நேரத்தில்தான் இருக்கிறது.

மார்ச் 3, மாலை 5.05

டீ, காபி குடித்தால் சரியாகிவிடாதா என்று ஒருவர். காபி வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும். உண்மையில் உதவுவது, காபி குடித்த உடனே வண்டியை ஓரமாகப் போட்டுவிட்டு இருபது நிமிஷம் தூங்குவது, எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும், விடிய விடியத் தாங்காது. ஜன்னலைத் திறப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது, முகம் கழுவுவது எல்லாம் சில நிமிஷத்துக்குத்தான். பக்கத்து சீட்டில் ஒருவர் விழித்திருந்து பேசிக்கொண்டே வருவது இதைவிட நல்லது, ஆனால் வாசித்து முடித்த பேண்டில் அந்த வேலைக்கு யார் மிச்சம்?

மார்ச் 4, காலை 6.40

அமெரிக்க மெட்டாலிகா பேண்டில் பேஸ் கிட்டார் வாசித்த கிளிஃப் பர்ட்டன் இறந்தது டிரைவர் தூங்கியதால்தான் என்று கமென்டில் ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி நிரூபணம் ஆகவில்லை. 1986 செப்டம்பர் 27, ஸ்டாக்ஹோமில் வாசித்துவிட்டு கோபன்ஹேகன் போகும் வழியில், விடிவதற்கு முன் அவர்கள் பஸ் சறுக்கிக் கவிழ்ந்தது. ரோட்டில் பனிக்கட்டி இருந்தது என்றார் டிரைவர். பேண்டின் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் அந்த ரோட்டிலேயே நடந்து தேடியும் பனிக்கட்டியைப் பார்க்கவில்லை என்று பின்னாளில் சொன்னார். டிரைவர் மேல் குற்றம் நிற்கவில்லை. தெரியாத விஷயத்தில் ஒரு மனுஷர் மேல் அவ்வளவு பெரிய பழியை ஏற்றாதீர்கள். கிளிஃபுக்கு வயது 24, படுக்கையில் தூங்கிக்கொண்டிருந்தார். பேஸ் வாசிக்கிற எங்களுக்கெல்லாம் அவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

தூக்கத்தால் நடந்தது வேண்டுமென்றால் எக்ஸ்ப்ளோடிங் ஹார்ட்ஸ் என்ற பேண்டின் கதை இருக்கிறது. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்துப் பையன்கள், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள், அப்போதுதான் முதல் ஆல்பம் வந்து எல்லாரும் பேச ஆரம்பித்திருந்தார்கள். 2003 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் வாசித்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஊர் திரும்பினார்கள், ஏறக்குறைய ஆயிரம் கி.மீ. பேண்டில் ஒருவரே ஓட்டினார். வீட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது காலையில் வேன் உருண்டது. நாலு பேரில் மூன்று பேர் போய்விட்டார்கள். உங்கள் ஹைதராபாத்–சென்னை 630 கி.மீ. டூரின் கடைசி ராத்திரியில் வருகிறது, அதையும் சேர்த்துப் படியுங்கள்.

மார்ச் 4, காலை 7.15

இன்னொன்று. பின் சீட்டைக் காலி பண்ணி மெத்தை போட்டுப் படுத்துக்கொண்டு போவோம் என்கிறீர்கள். அமெரிக்காவின் மினிட்மென் பேண்டில் பாடி கிட்டார் வாசித்த டி. பூன் 1985 டிசம்பரில் காய்ச்சலோடு அப்படித்தான் பெல்ட் போடாமல் வேனின் பின்னால் படுத்திருந்தார். அரிசோனா பாலைவன ரோட்டில் வேன் தடம் மாறிப் புரண்டது, அவர் வெளியே தூக்கி எறியப்பட்டு இறந்தார். வயது 27. உட்கார்ந்து, பெல்ட் போட்டுத் தூங்குங்கள். கழுத்து வலிக்கும், பரவாயில்லை. ஆம்ப், பெட்டிகளையும் நன்றாக இழுத்துக் கட்டுங்கள். முப்பது கிலோ ஆம்ப் பிரேக் அடிக்கும்போது எங்கே வரும் என்று யோசியுங்கள்.

மார்ச் 4, இரவு 11.30

எங்களுக்கு நடந்ததையும் எழுதிவிடுகிறேன். திருச்சியில் ஒரு கல்லூரி ஷோ முடித்து அன்றைக்கே சென்னை திரும்பினோம். உளுந்தூர்பேட்டை தாண்டியிருக்கும், நாலு மணி இருக்கும். நான் முன் சீட்டில் பாதித் தூக்கத்தில் இருந்தேன். டயருக்குக் கீழே சத்தம் மாறியது. கண் திறந்தால் வேன் மெதுவாக, மிக மெதுவாக வலது பக்கம் மீடியனை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. பிரேக் இல்லை, ஹாரன் இல்லை, டிரைவர் தம்பியின் தலை நிமிர்ந்துதான் இருக்கிறது, கண்ணும் பாதி திறந்திருக்கிறது. அதுதான் இன்னும் என்னை உலுக்குகிறது, பார்த்தால் முழித்திருக்கிற மாதிரியேதான் இருந்தார். நான் கத்தியதில் ஸ்டியரிங்கை இழுத்தார், மீடியனில் உரசி ஒரு கண்ணாடி போனது, இடது பக்கம் லாரி எதுவும் வராததால் பிழைத்தோம்.

ஓரத்தில் நிறுத்தினோம். அவருக்குக் கை நடுங்கியது. தண்ணீர் கொடுத்துக் கேட்டபோதுதான் சொன்னார்: ‘நேத்து ராத்திரி திருப்பதி டிரிப், அக்கா. முடிச்சிட்டு நேரா உங்களை ஏத்த வந்தேன். வேற ஆள் இல்லைன்னு ஓனர் சொல்லிட்டாரு.’ இருபத்து மூன்று இருபத்து நாலு வயசு இருக்கும். இரண்டு ராத்திரி தூங்காத பையனிடம் ஏழு பேர் உயிரைக் கொடுத்துவிட்டு, ஏசி போதவில்லை என்று அவரையே அதட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள் எங்கள் ஆட்கள்.

அன்றிலிருந்து வண்டி வந்ததும் நான் கேட்கிற முதல் கேள்வி, ‘அண்ணா, நேத்து எங்கே போயிருந்தீங்க?’ ஓனரிடம் கேட்டால் பதில் வராது, டிரைவரிடம் கேளுங்கள். கோபமாகக் கேட்டால் அவரும் உண்மையைச் சொல்ல மாட்டார், டிரிப் கைவிட்டுப் போனால் பேட்டாவும் போய்விடுமே. ‘நீங்க தூங்கி எழுந்து கிளம்பினாலும் பேட்டா முழுசா உண்டு’ என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

மார்ச் 5, மதியம் 2.10

சட்டம் இல்லையா என்று கேட்டவருக்கு: இருக்கிறது. 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வைத்தது. ஐந்து பேராவது வேலை செய்கிற நிறுவனங்களுக்கு என்று எழுதிய சட்டம் அது. நமக்கு வாடகைக்குக் கிடைக்கிற வேன்களில் பாதி ஒரு வண்டி, ஒரு ஓனர், ஒரு ஆள். ஐரோப்பாவில் பஸ் ஓட்டுகிறவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் நிறுத்தியாக வேண்டும், எவ்வளவு நேரம் ஓட்டினார் என்பதை வண்டியிலேயே ஒரு கருவி பதிந்து வைக்கிறது. அங்கே டூர் பிளான் போடுகிறவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் டிரைவரின் நேரத்தைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். இங்கே அந்தக் கணக்கை நாம்தான் போட வேண்டும்.

மார்ச் 5, இரவு 9.45

‘அந்தக் காலத்தில் எல்லாரும் இப்படித்தான் வாசித்தார்கள்’ என்ற வாதத்துக்கு 1959-ஐப் பார்க்கலாம். அமெரிக்க ராக் பாடகர் பட்டி ஹாலி போன டூர் அது, ஜனவரி கடைசியில் ஆரம்பித்து 24 நாளில் 24 ஊர், அமெரிக்காவின் வட மத்திய மாநிலங்களில், கொடும் பனிக்காலத்தில். ஊர்களை அடுத்தடுத்து இருக்கிற மாதிரி வரிசைப்படுத்தவில்லை. ஒரு நாள் கிழக்கே நூற்றுக்கணக்கான கி.மீ., அடுத்த நாள் வந்த வழியே மேற்கே. பஸ்ஸில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. டிரம்மர் கார்ல் பன்ச்சுக்குக் கால் உறைந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கூட வந்த பாடகர் பிக் பாப்பருக்குக் காய்ச்சல். இன்னொரு ராத்திரி அந்த பஸ்ஸில் போக முடியாது, கொஞ்சம் தூங்க வேண்டும், துணி துவைக்க வேண்டும் என்றுதான் பட்டி ஹாலி அயோவாவில் ஷோ முடிந்ததும் ஒரு குட்டி விமானத்தை வாடகைக்கு எடுத்தார். பிப்ரவரி 3 விடிவதற்குள் அது விழுந்து, அவரும், பிக் பாப்பரும், 17 வயதுப் பாடகர் ரிச்சி வேலன்ஸும், 21 வயது பைலட்டும் இறந்தார்கள். பட்டி ஹாலிக்கு 22.

விபத்தைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். எனக்கு நெஞ்சு அடைப்பது அடுத்த வரிதான்: அன்று ராத்திரி மூர்ஹெட் ஊரில் ஷோ ரத்தாகவில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடப் பையன்களைக் கூப்பிட்டு இடத்தை நிரப்பினார்கள். டூர் மிச்ச நாளும் நடந்தது. ஊர் வரிசையைப் போட்டவர் மேசைக்கு முன்னால் ஒரு மேப்பை விரித்து ஐந்து நிமிஷம் பார்த்திருந்தால் போதும்.

மார்ச் 6, காலை 8.00

வேன் வேண்டாம் என்றால் வேறு என்ன, ரயில். சேரன் எக்ஸ்பிரஸில் ராத்திரி சென்ட்ரலில் ஏறினால் காலையில் கோவை, கால் நீட்டிப் படுக்கலாம், ஓட்டுகிறவர் டியூட்டி மாறிக்கொள்வார். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஆளுக்கு 40 கிலோ வரை இலவசம், இரண்டடுக்கு ஏசியில் 50. கிட்டார், பெடல், சிம்பல், ஸ்னேர், கிக் பெடல் இவ்வளவுதான் உங்கள் சொந்தச் சாமானாகப் போக வேண்டும். டிரம் செட்டையும் ஆம்பையும் அந்தந்த ஊரில் அமைப்பாளரிடமே வாங்கிக்கொள்ளுங்கள் (இதை பேக்லைன் என்பார்கள்), ஒப்பந்தம் பேசும்போதே கேட்டால் கொடுப்பார்கள்.

மார்ச் 6, இரவு 10.20

காலையில் எழுதியதைக் கொஞ்சம் திருத்திச் சொல்ல வேண்டும், ரயில் எல்லா ஊருக்கும் சரிப்படாது. நடுவழி ஸ்டேஷனில் இரண்டு நிமிஷம் நிற்கும் ரயிலில் ஐந்து பேர் இறங்கிச் சாமானையும் இறக்குவது ஆபத்து, ஒரு பெடல் போர்டு எங்களுக்கு முன்னாடி ஊருக்குப் போய்ச் சேர்ந்த கதை உண்டு. ஆர்.ஏ.சி.யில் பாதி சீட்டில் உட்கார்ந்து போனால் வேனைவிட மோசம். கடைசி ஸ்டேஷனில் இறங்குகிற ஊர்களுக்கு மட்டும் ரயில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விமானம் பற்றிக் கேட்டவருக்கு: உள்நாட்டில் பெரும்பாலும் ஆளுக்கு 15 கிலோதான், சிம்பல் பையும் ஹார்டு கேஸில் வைத்த கிட்டாரும் சேர்ந்தால் முடிந்தது.

மார்ச் 7, மாலை 4.30

டூரில் பெண்கள் எப்படிச் சமாளிப்பது என்று ஒரு தங்கை தனியாகக் கேட்டிருக்கிறார், எல்லாருக்குமாகச் சொல்கிறேன். பேண்டில் பெண் இருந்தால் வண்டி நிற்கிற இடத்தை அவர் தேர்ந்தெடுக்க வேண்டும். பையன்கள் இருட்டில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்துவார்கள். நான் வருஷக்கணக்கில் செய்தது தண்ணீர் குடிக்காமல் இருந்ததுதான், கூடவே மேடையில் வியர்வை, அப்புறம் நீர்க்கடுப்பு, காய்ச்சல், மாத்திரை போட்டுக்கொண்டு ஷோ. மாதவிடாய் நாளில் மேடைக்குப் பின்னால் கதவே இல்லாத பாத்ரூம். இதை ஒப்பந்தத்தில் கேளுங்கள்: தாழ்ப்பாள் உள்ள பாத்ரூம், தண்ணீர், ஒரு கண்ணாடி. கேட்டால் ‘ரொம்ப பண்றாங்க’ என்று பேசுவார்கள், பேசட்டும். வேனில் ராத்திரி ஓட்டத்தை நிறுத்திய பிறகு இந்தக் கஷ்டத்தில் பாதி தானாகக் குறைந்தது, பகலில் திறந்திருக்கிற நல்ல ஹோட்டல்கள் இருக்கும்.

மார்ச் 7, இரவு 8.15

காது. 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கும், ஒவ்வொரு 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும், 100-இல் கால் மணி நேரம்தான் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார அமைப்பு சொல்லும் அளவு. மேடையில் சிம்பலுக்குப் பக்கத்தில் நிற்கிறவர் முதல் பாட்டிலேயே அதைத் தாண்டிவிடுவார். ஏசி/டிசி பேண்டின் பாடகர் பிரையன் ஜான்சன் 2016-இல் காது முழுக்கப் போய்விடும் என்று டாக்டர்கள் சொன்னதால் நடு டூரில் இறங்கினார். இயர் பிளக் போடுங்கள். ஷோவுக்குப் பிறகு அதே சத்தத்தில் வேனில் பாட்டு வைக்காதீர்கள், காதுக்கும் ராத்திரி வேண்டும்.

மார்ச் 8, இரவு 11.55

மனசு பற்றி எழுதத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அமெரிக்காவின் பீச் பாய்ஸ் பேண்டைச் சேர்ந்த பிரையன் வில்சனுக்கு 1964 டிசம்பரில் ஹூஸ்டன் போகும் விமானத்திலேயே மனசு உடைந்து போயிற்று, அழுது கத்தினார், 22 வயது. அதற்கப்புறம் டூரை விட்டு ஸ்டூடியோவிலேயே இருந்துவிட்டார், மேடையில் அவர் இடத்தில் வேறு ஆள். பலவீனம் என்று சொன்னவர்கள் உண்டு. தூக்கம் இல்லாத வாரங்களைப் பார்த்தவள் என்பதால் எனக்கு அது உடம்பு போட்ட பிரேக்காகத்தான் தெரிகிறது.

ராமோன்ஸ் என்ற அமெரிக்க பேண்ட் 22 வருஷத்தில் 2,263 ஷோ வாசித்தது. அதில் பல வருஷம் பாடகர் ஜோயியும் கிட்டார் வாசித்த ஜானியும் ஒரே வேனில் போய்க்கொண்டே ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. அந்தச் சண்டைக்கு வேறு காரணம் இருந்தது, அது வேனில் பிறந்ததில்லை. ஆனால் சண்டை போட்டவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்த் தூங்கி எழுந்து வந்தால் ஆறுகிற விஷயம், முட்டிக்கு முட்டி இடிக்கிற இடத்தில் ஆறாது.

வீடு திரும்பிய பிறகும் விடாது. அம்மா சாப்பாடு போட்டு, சொந்தக் கட்டிலில் படுத்தும் மூன்று மணி வரை விழிப்பு. யார் பேசினாலும் எரிச்சல். ஆபீஸ் போகிற பேண்ட் ஆட்களுக்கு இன்னும் கஷ்டம், திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கு நாற்காலியில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஞாயிறு ராத்திரியே கிளம்பச் சொல்லி எல்லாரையும் நெருக்குவார்கள். டூர் தேதி பேசும்போதே திங்கள் ஒரு நாள் லீவையும் சேர்த்துப் பேசுங்கள். அந்த ஒரு நாள் லீவை எடுக்க முடியாது என்றால் அந்த ஷோவை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மார்ச் 9, காலை 9.30

என் மாமா 80களில் பெரம்பூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் டிரிபிள் காங்கோ வாசித்தவர். பங்குனி, சித்திரை வந்தால் கோயில் திருவிழாக்களுக்கு வேன் டாப்பில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். இந்த இழையைப் படித்துக் காட்டினேன். அவர்கள் குழு மேனேஜர் இரண்டு விஷயத்தில் கறாராக இருப்பாராம். டிரைவர் பெட்டி தூக்கக் கூடாது, யார் உதவி கேட்டாலும் சரி. ஊர்க்காரர்கள் சாப்பாடு போடும்போது முதல் இலை டிரைவருக்கு, சாப்பிட்டதும் அவர் பள்ளிக்கூடத்தையோ மண்டபத்தையோ பார்த்துப் படுக்கப் போய்விட வேண்டும், மேடைப் பக்கம் வரக் கூடாது. கச்சேரி முடிந்ததும் எல்லாரும் அதே மண்டபத்தில் ஜமக்காளம் விரித்துப் படுத்து, விடிந்து காபி குடித்துத்தான் கிளம்புவார்களாம். ராக் பேண்டுகள் மேடை லைட்டை வெளிநாட்டில் பார்த்துக் கற்றோம், இதைப் பக்கத்துத் தெருவில் இருந்தவர்களிடம் கேட்கவில்லை.

மார்ச் 9, மாலை 6.50

‘அயர்ன் மெய்டன் பேண்ட் தனி விமானத்தில் டூர் போனது, அவர்களுக்கு என்ன கவலை’ என்பவருக்கு. 2008 பிப்ரவரி 1-ஆம் தேதி மும்பையில் அந்த டூர் ஆரம்பித்தது, போயிங் 757, பாடகர் புரூஸ் டிக்கின்சனே பைலட். ஆனால் பைலட் எவ்வளவு நேரம் பணியில் இருக்கலாம், எவ்வளவு ஓய்வு எடுக்க வேண்டும் என்பதற்கு விமானத் துறையில் கடுமையான விதி உண்டு, யார் ஓட்டினாலும் அதுதான். நம் டெம்போ டிராவலரில்தான் அந்தக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை.

ஆள் அதிகமான பேண்டுக்குச் செலவு உண்மையிலேயே பெரிய பிரச்சினை, அதை நான் மறுக்கவில்லை. சென்னையின் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியபோது 19 பேர். அத்தனை பேருக்கும் கட்டில் போடுவது என்றால் அமைப்பாளர் யோசிப்பார். ஆனால் டிரைவருக்குப் போடுகிற கட்டில் எப்போதும் ஒன்றுதான், ஐந்து பேர் போனாலும் பத்தொன்பது பேர் போனாலும். நீளமான நாளுக்கு ஒரு ஆக்டிங் டிரைவரைக் கூடப் பிடித்தால் அந்தப் பேட்டாவை ஆளுக்குப் பிரித்தால் ஒரு பரோட்டாக் கடை பில்தான்.

மார்ச் 10, காலை 7.45

கொச்சியை வியாழனுக்கு மாற்றி, ஹைதராபாத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டதாக, முதலில் கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார். மிகவும் சந்தோஷம். ஒப்பந்தத்தில் எப்படி எழுதுவது என்று கேட்டதால், நாங்கள் போடுகிற வரிகளை அப்படியே தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்.

‘ஓட்டுநருக்கு, மேடையின் சத்தம் கேட்காத இடத்தில், மின்விசிறியும் கொசுவலையும் உள்ள தனி அறை, குழு வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் தரப்பட வேண்டும். நிகழ்ச்சி முடிந்த இரவு குழு அதே ஊரில் தங்கும். மறுநாள் காலை 6 மணிக்கு முன் வாகனம் புறப்படாது. முந்தைய நிகழ்ச்சி தாமதமானதால் மறுநாள் வருகை தாமதமானால் அதற்காகக் கட்டணம் குறைக்கப்படாது.’

‘போதிய ஓய்வு’ என்று எழுதாதீர்கள், மணிக்கணக்கைப் போடுங்கள். கடைசி வரியைத்தான் அமைப்பாளர்கள் அடிக்கச் சொல்வார்கள், அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வேன் ஓனருக்கும் இதே வரிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பி ‘சரி’ என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள், டிரைவர் நம்பரையும் முதல் நாளே வாங்கி நீங்களே பேசிவிடுங்கள்.